பன்னிரண்டு படிக் கம்பி

முனியராஜ் டீ கிளாஸை நகர்த்த மாட்டார். குடித்து முடித்த வெறும் கிளாஸாக இருந்தாலும் இரண்டு விரலால் தூக்கி, பெஞ்சின் ஓரத்தில் சத்தம் வராமல் வைப்பார். கழுத்தில் கிடக்கிற துண்டில் இரண்டு கட்டைவிரல்களையும் மாறி மாறித் துடைப்பார். அதற்கப்புறம்தான் சட்டைப்பையிலிருந்து செல்போன் வெளியே வரும். அதைக் குறுக்குவாட்டில் இரண்டு கையாலும் பிடித்து, முழங்கைகளை முட்டிமேல் ஊன்றி, ஒரு மூச்சை நிதானமாக இழுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்குவார்.

"வாங்கண்ணாச்சி, உக்காருங்க" என்று அவர் சொல்வது தலையை நிமிர்த்தாமலே. நான் பஸ்ஸிலிருந்து இறங்கி இன்னும் கடைக்குள் வந்திருக்க மாட்டேன். வருவது நான்தான் என்று எப்படித் தெரிகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"நீங்க செருப்பத் தேச்சுத் தேச்சு நடப்பீக. எங்க ஆளுக யாரும் அப்பிடி நடக்க மாட்டாக."

அவருடைய ஆட்கள் என்றால் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர்கள். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் நாள்காட்டிகளுக்குப் பிழை திருத்துகிறவன். சாயங்காலம் ஐந்தேகாலுக்கு பஸ் என்னைத் தாயில்பட்டிக்கு ரோடு பிரிகிற விலக்கில் இறக்கிவிடும். அங்கே செல்லத்தாயின் டீக்கடை. வீட்டுக்குப் போனாலும் டீ கிடைக்கும், ஆனால் அங்கே முனியராஜ் இருக்க மாட்டார்.

வெயில் ஏறுவதற்குள் மருந்து கலக்குகிற வேலையை முடித்துவிட வேண்டும் என்பது விதி. அதனால் விடிகாலை வேனில் போகிறவர் மத்தியானத்துக்குள் வீடு திரும்பிவிடுகிறார். குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு, ஐந்து மணிக்கு எக்ஸெல் வண்டியை எடுத்துக்கொண்டு விலக்குக்கு வருவார். அதே கம்பெனியில் திரி ஒட்டுகிற அவர் மனைவி மாரிசெல்வி ஆறேகால் வேனில் வந்து இறங்குவார். மனைவியைக் கூட்டிப்போக ஒன்றேகால் மணி நேரம் முன்னதாக வந்து உட்கார்ந்திருக்கிற புருஷனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முதலில் அதைப் பாசம் என்றே நினைத்தேன். பாசமும் உண்டுதான். ஆனால் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, வீட்டில் எடுத்தால் ஏதாவது ஒரு வேலை கூப்பிடும். ஆக மிச்சம் இருப்பது இந்த பெஞ்சும் இந்த நேரமும்தான்.

வயது நாற்பத்து நாலு. வெடவெடவென்று ஒல்லி. பருத்திச் சட்டையைத் தவிர வேறு துணி உடம்பில் படாது. மற்ற துணி உரசினால் கரண்டு வரும் என்பார். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணிலும் விரல் ரேகைகளிலும் அலுமினியப் பொடி கொஞ்சம் மிச்சம் இருக்கும். அவர் விளையாடி முடித்த செல்போன் திரையைச் சாய்த்துப் பார்த்தால் இரண்டு கட்டைவிரல் போன பாதைகள் வெள்ளியில் கோடு போட்டதுபோலத் தெரியும். செல்லத்தாய் அடுப்பு பற்றவைக்க லைட்டரைத் தட்டுகிற ஒவ்வொரு தடவையும் அவர் கண் ஒருமுறை மூடித் திறக்கும். தீபாவளி அன்றைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "கதவச் சாத்திட்டுத் தூங்குவேன்" என்றார்.

விளையாட்டு அவர் தேடிப் போய்ப் பிடித்ததல்ல. போன தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டிக் கிடந்த சமயத்தில் மாரிசெல்வி சிவகாசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் பழைய செல்போன் ஒன்று வாங்கினார். அதற்குள்ளேயே அது இருந்தது. முன்னால் வைத்திருந்தவர் யாரோ அழிக்காமல் விட்டது. அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. முனியராஜுக்கு அந்தப் பெயர் இதுவரை தேவைப்படவில்லை. "பலகை" என்பார், அவ்வளவுதான்.

நாலு சின்னச் சக்கரம் பூட்டிய ஒரு பலகை. அதன்மேல் தொளதொள கால்சட்டையும் முன்பின்னாகத் திருப்பிய தொப்பியுமாக ஓர் இளவட்டம். ஏதோ ஒரு வெளிநாட்டு ஊர், நல்ல சிமெண்டுத் தரை. நம்முடைய இடது கட்டைவிரல் அவனுடைய முன்கால், வலது கட்டைவிரல் பின்கால். திரையில் பொத்தான் எதுவும் கிடையாது. பின்கால் விரலை வெடுக்கென்று கீழே இழுத்து, அதே கணத்தில் முன்கால் விரலை மேலே தள்ளினால் பலகையும் ஆளும் எழும்புவார்கள். அந்தக் கணம் ஓர் இமைப்பொழுது தப்பினால் பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். படிப்பதற்கு எளிதாக இருக்கிறதல்லவா? நானும் அப்படி நினைத்துத்தான் ஒருநாள் வாங்கினேன். பலகை நகரவே இல்லை. அவன் மட்டும் குப்புற விழுந்தான். மறுபடி விழுந்தான். பத்தாவது தடவை விழுந்தபோது செல்லத்தாய் கல்லாவிலிருந்தபடியே, "அண்ணாச்சி, அந்தப் பிள்ளயக் கொன்னுராதீக" என்றார். நான் செல்போனை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன்.

இந்த ஆட்டத்தின் வித்தைகளுக்கெல்லாம் ஆங்கிலத்தில் பெயர் இருக்கிறது. முனியராஜ் தம் தொழிலிலிருந்து பெயர் எடுத்து வைத்துக்கொண்டார். நேராக எழும்பிக் குதித்தால் பூச்சட்டி. காலுக்கடியில் பலகை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி காலுக்கே வந்தால் தரைச்சக்கரம். இரும்புக் கம்பிமேல் ஏறி பலகை உரசிக்கொண்டே வழுக்கிப் போனால், தீப்பொறி பறக்குமாம், அது கம்பி மத்தாப்பு. ஏதாவது பிசகி ஆள் விழுந்தால் "நமுத்துப்போச்சு". அந்த இளவட்டத்துக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்: மாப்ள.

பூச்சட்டி கைக்கு வரப் பதினேழு நாள் ஆனது. தரைச்சக்கரத்துக்கு தை, மாசி இரண்டு மாதமும் போனது. நான் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், அந்த இரண்டு மாதத்தில் அவர் ஒருநாள்கூடச் சலித்துக்கொள்ளவில்லை, செல்போனை உதறவில்லை, "சே" என்றுகூடச் சொல்லவில்லை. மாப்ள விழுவான். முனியராஜ் கட்டைவிரலைத் துண்டில் துடைப்பார். ஒரு மூச்சு. மறுபடி தொடங்குவார். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுவார். இன்றைக்கு இழுப்பின் நீளம், நாளைக்கு இழுப்பின் வேகம், அடுத்த நாள் விரல் சாய்கிற பக்கம். மருந்து கலக்குகிறவர் ஒரு பொடியின் அளவை மட்டும் மாற்றிப் பார்ப்பதுபோல. மாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் பலகை காலுக்கடியில் பளிச்சென்று சுற்றி வந்து ஒட்டிக்கொண்டது. உடனே இன்னொரு தடவை. மறுபடி இன்னொரு தடவை. ஆறாவது தடவையும் சுற்றியபோதுதான் என் பக்கம் திரும்பினார். பல் தெரியச் சிரித்தார். அத்தனை நாளில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இதிலே அப்படி என்ன பிடித்துப்போயிற்று என்று கேட்டேன்.

"எம்புட்டு தடவ விழுந்தாலும் மாப்ள எந்திரிச்சு முட்டியத் தட்டிட்டு நிக்கான் பாத்தீகளா" என்றார். "தப்புப் பண்ணிப் பண்ணிப் படிக்கிற வேல ஒண்ணு இருக்குன்னே எனக்கு இப்பத்தான் தெரியும். நான் படிச்சதெல்லாம் தப்பே பண்ணாமப் படிச்சது."

பிறகு அவராகவே நல்லசிவத்தைப் பற்றிச் சொன்னார். இவருக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர். எட்டு வருஷத்துக்கு முன்னால், வேறொரு கம்பெனியில் நடந்தது. "சீசன் நேரம். லோடு வண்டி வாசல்ல நிக்குது. மருந்துத் தட்டத் தூக்காம இழுத்துட்டாரு. ஒரு சாண்தான் இழுத்தாரு. நான் தண்ணி மோக்கப் போயிருந்தேன், அதான் தப்பிச்சேன்."

என் தொழிலை நினைத்துக்கொண்டேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தேதித்தாளில் ராகு காலத்தையும் எமகண்டத்தையும் இடம் மாற்றிக் கோட்டைவிட்டவன் நான். முதலாளி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தத் தாளை மட்டும் புதிதாக அடித்து ஒட்டிக் கொடுத்தார்கள், கதை முடிந்தது. முனியராஜின் வேலையில் ஒட்டிக் கொடுக்கத் தாள் கிடையாது.

பங்குனியில் அவர் கண் அந்தப் படிக்கட்டின்மேல் விழுந்தது. மாப்ளயின் ஊர்க் கோடியில் பள்ளிக்கூடம் மாதிரி ஒரு கட்டடம். அதன் வாசலில் பன்னிரண்டு படி, நடுவில் கைப்பிடிக் கம்பி ஒன்று மேலிருந்து கீழ்வரைக்கும் சரிந்து இறங்குகிறது. ஓடி வந்து, எழும்பி, கம்பிமேல் பலகையின் வயிற்றை வைத்து, கடைசிவரை வழுக்கிப் போய், கீழே தரையில் நாலு சக்கரத்தோடு நிற்க வேண்டும். கம்பிமேல் இருக்கும்வரை இரண்டு விரலையும் திரையிலிருந்து எடுக்கக் கூடாது. கம்பி முடிகிற இடத்தில் எடுக்க வேண்டும். ஆட்டத்திலேயே கடினமான இடம் அதுதான் என்று நினைக்கிறேன். செல்போனின் பழைய சொந்தக்காரருடைய கணக்கில்கூட அந்த இடத்துக்கு நேரே முடித்ததற்கான குறி இல்லை.

எழும்பிக் கம்பியில் ஏறுவது அவருக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. சிக்கல் அங்கே இல்லை. பலகை கம்பியைத் தொட்டதும் கிர்ரென்று ஒரு சத்தம் வரும், திரையில் தீப்பொறி சிதறும். அந்தப் பொறியைக் கண்ட கணத்தில் முனியராஜின் இரண்டு விரலும் தாமாகவே மேலே எழும்பிவிடும். மாப்ள நடுக்கம்பியிலிருந்து தலைகுப்புற விழுவான். அவர் தம் விரல்களை யாரோ வேற்றாளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். "நான் எடுக்கல அண்ணாச்சி. கை தானா வருது."

சித்திரை முழுக்க அப்படித்தான். வைகாசியும் போனது. சத்தத்தை அணைத்துப் பார்த்தார், பலன் இல்லை. ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பொறி பறந்தால் விரல் எழும்பிற்று. இருபத்திரண்டு வருஷமாக உரசல் என்றால் உயிர் போகும் என்று படித்த கை அது. திரையில் வருவது பொம்மைத் தீ என்று அதற்கு யார் சொல்லிப் புரியவைப்பது?

எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும் என்கிற கர்வத்தில் ஒருநாள் செல்போனை வாங்கி, உள்ளே துழாவி, தீப்பொறியை மட்டும் நிறுத்திவைக்க ஒரு வழி இருப்பதைக் கண்டுபிடித்தேன். ஒரே ஒரு தட்டு, பொறி வராது. பெரிய உபகாரம் செய்கிற தோரணையில் நீட்டினேன். முனியராஜ் செல்போனை வாங்கிக்கொண்டார்.

"வேண்டாண்ணாச்சி" என்றார். "நெருப்ப அணைச்சுட்டுக் கம்பி மத்தாப்பு பிடிச்சேன்னு சொன்னா மாப்ளயே சிரிப்பான்."

மாரிசெல்வி என்னிடம் தனியாகப் பேசியது அந்த வாரத்தில்தான். முனியராஜ் வண்டிக்குப் பெட்ரோல் போடப் போயிருந்தார். கையில் தூக்குவாளியுடன் வேனைவிட்டு இறங்கிய மாரிசெல்வி நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கேன். அவுக அந்தக் கம்பியில எறங்கிட்டாகன்னா, கைக்குப் பயம் விட்டுப்போயிருமா?"

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

"பொறியப் பாத்ததும் கை வெலகுதுல்ல, அது வெலகாமப் போறதுக்குத்தான இம்புட்டு நாளாப் பழகுதாக. அங்கன பழகுன கைதான காலையில மருந்து ரூமுக்குள்ள போவுது? அந்தப் பயம் இருக்கப்போய்த்தான் அவுக சாயங்காலம் வண்டிய எடுத்துட்டு வந்து இங்கன நிக்காக." குரல் ஏறவே இல்லை. "வீட்டுல தண்ணிக் குடத்தத் தூக்குதாகளா, இழுக்காகளான்னு தெனமும் பாத்துக்கிட்டே இருக்கேன்."

விளையாட்டு வேறு, வேலை வேறு என்று வழவழவென்று ஏதோ சொன்னேன். மாரிசெல்வி கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. முனியராஜ் எப்போது ஜெயிப்பார் என்று இத்தனை நாள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயித்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவையாவது யோசித்தேனா?

ஆனியில் ஒருநாள் முனியராஜ் செல்போனே கொண்டுவரவில்லை. முட்டிமேல் இரண்டு கையையும் கவிழ்த்து வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். மறுநாளும் அப்படியே. "என்ன தம்பி, கை ஒடிஞ்சவன் மாதிரி இருக்க" என்று செல்லத்தாய் கேட்டார். நாலாவது நாள் முனியராஜ் என்னிடம் காரணத்தைச் சொன்னார்.

"சல்லடையக் கையில பிடிச்சிருக்கேன். காலிச் சல்லடதான், மருந்து போடல. வலது கட்டவிரலு வெடுக்குனு கீழ இழுத்துச்சு. பின்கால் இழுப்பு. நான் இழுக்கல." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "சல்லடைய வச்சுட்டு வெளிய வந்துட்டேன். தலசுத்துதுன்னு போர்மேன்ட்ட சொல்லிட்டு வேப்பமரத்தடியில உக்காந்துட்டேன்."

மாரிசெல்வி சொன்னது சரியாகப் போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன். அவர் செல்போனைக் கொண்டுவராத பத்து நாளும் நான் அந்த விளையாட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர் எவ்வளவு, மழை வருமா என்று பேசிக்கொண்டிருந்தோம். மழையைப் பற்றி நாங்கள் இருவரும் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

பதினோராம் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே பார்த்துவிட்டேன்: முழங்கை முட்டியில், செல்போன் குறுக்குவாட்டில். எனக்குக் கோபமே வந்துவிட்டது. உட்காராமல் நின்றேன்.

"கோவப்படாதீக, கேளுங்க" என்றார், இந்தத் தடவை தலையை நிமிர்த்தி. "பத்து நாளும் யோசன பண்ணிப் பாத்தேன். மருந்து ரூமுக்குப் புதுசா வர்ற ஆளு கை சும்மா இருக்காது. அங்க தட்டும், இங்க தடவும். வேல அரகுறயாத் தெரிஞ்சவன் கைதான் துறுதுறுங்கும். முழுசாப் படிச்சுட்டான்னா கை அதுபாட்டுக்கு அடங்கிக் கெடக்கும், கூப்பிட்டாத்தான் வரும். தரச்சக்கரம் எனக்கு முழுசாத் தெரியும், அது ஒருநாளும் தானா வரல. இந்தக் கம்பிதான் பாதியில நிக்குது. பாதியில விட்டாத்தான் ஆபத்து."

"வீட்டில சொன்னீங்களா?"

"சொன்னேன். கொடத்த ஒருநாள் இழுத்தீகன்னாலும் போன ஒடச்சுருவேன்னுட்டா. சரின்னுட்டேன்."

அன்றைக்கு அவர் பன்னிரண்டு படிப் பக்கமே போகவில்லை. மாப்ளயின் ஊர் நடுவில் இருக்கிற பூங்காவுக்குப் போனார். அங்கே தரையிலிருந்து அரையடி உயரத்தில், ஒரு முழ நீளத்தில் துண்டுக் கம்பி ஒன்று கிடக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு ஆனது என்று அதை அதுவரை அவர் சீண்டியதே இல்லை. அதில் ஏறினார். பொறி பறந்தது, விரல் எழும்பிற்று, கம்பியும் முடிந்திருந்தது. மாப்ள அழகாகத் தரையில் இறங்கினான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. விரல் எழும்புவது தப்பே இல்லை. எங்கே எழும்புகிறது என்பதுதான் கணக்கு. கையின் பயத்தை அவர் விரட்டப் பார்க்கவில்லை, அதற்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மருந்த மொத்தமாக் கலக்கப்பிடாது அண்ணாச்சி. கொஞ்சங் கொஞ்சமாத்தான். இது தெரிஞ்ச பய, நேரா பன்னெண்டு படியில போயி நின்னேன் பாருங்க" என்று தம்மைத் தாமே ஏசிக்கொண்டார்.

முழக்கம்பியிலிருந்து அந்தப் பூங்காவின் பெஞ்சு விளிம்புக்கு. அங்கிருந்து மூன்று படிக் கம்பிக்கு. ஆடி மாதம் காற்றில் செல்லத்தாயின் தகரக்கூரை படபடக்க, ஐந்து படிக் கம்பி. ஒவ்வொரு கம்பியிலும் விரல் எழும்புகிற இடத்தை ஒரு நெல் அளவு தள்ளிவைத்தார். பொறியைப் பார்த்து ஒரு மூச்சு தாங்கிய கை, ஒன்றரை மூச்சு தாங்கியது. பிறகு இரண்டு. இடையிடையே விழுந்தான்தான், இருபது தடவை விழுந்த சாயங்காலங்களும் உண்டு. ஆனால் நேற்று விழுந்த இடத்தில் இன்று விழமாட்டான். ஒரு மனிதன் தன் கையோடு இத்தனை பொறுமையாகப் பேசிச் சம்மதிக்க வைப்பதை நான் என் ஐம்பத்தெட்டு வயதில் பார்த்ததில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்த எனக்கே சில நாள் மயிர்க்கூச்செறிந்தது. வீட்டில் போய்ச் சொன்னால் செல்போன் விளையாட்டுக்கா என்று சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அந்தப் பத்து நாளுக்குப் பிறகு சல்லடையில் விரல் இழுத்ததா என்று ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். மருந்து ரூம் வாசலில் செம்புத் தகடு ஒன்று பதித்திருப்பார்களாம். உள்ளே போகுமுன் எல்லாரும் அதில் உள்ளங்கையை வைத்து எடுக்க வேண்டும். உடம்பில் இருக்கிற கரண்டு மண்ணுக்குள் இறங்கிவிடும். "மாப்ளயையும் அதுலதான் எறக்கி விட்டுட்டு உள்ள போறேன்" என்றார். இதை மாரிசெல்வியிடமும் சொல்லியிருக்கிறார். "தகடு சொல்லுறது இருக்கட்டும், குடம் என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்று பதில் வந்ததாம்.

ஆவணி பதினொன்று, வியாழக்கிழமை. நாள்காட்டியில் கீழ்நோக்கு நாள் என்று போட்டிருந்தது. நானே திருத்திய தாள், அதனால் நினைவிருக்கிறது. தெற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் கம்பெனியில் வேலையை நிறுத்திவிட்டார்கள் போல, மாரிசெல்வி வருகிற வேன் கால் மணி நேரம் முந்தியே வந்துவிட்டது. முனியராஜ் கவனிக்கவில்லை. அவர் பன்னிரண்டு படியின் உச்சியில் நின்றிருந்தார்.

வேனிலிருந்து இறங்கிய பெண்கள் நாலைந்து பேர் பெஞ்சின் பின்னால் கூடிவிட்டார்கள். மாரிசெல்வி சற்றுத் தள்ளி, எக்ஸெல் வண்டி பக்கத்தில் நின்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் செல்போனைப் பார்க்கவில்லை.

முனியராஜ் கட்டைவிரல்களைத் துடைத்தார். ஒரு மூச்சு. மாப்ள காலால் தரையை உந்தி உந்தி வந்தான். பின்கால் இழுப்பு, முன்கால் தள்ளல். பலகை எழும்பிக் கம்பிமேல் உட்கார்ந்தது. கிர்ரென்ற சத்தம். பொறி பறந்தது. நாலாவது படி. இரண்டு விரலும் திரையில் இருந்தன. ஏழாவது படி. நகங்கள் வெளுத்துப் போகிற அளவுக்கு விரல்கள் அமுங்கியிருந்தன. பத்து. திரை முழுக்கத் தீயாய்ச் சிதறிற்று. பன்னிரண்டு. அங்கே, சரியாக அங்கே, அந்தப் பழைய பயம் விரல்களைத் தூக்கிற்று. மாப்ள காற்றில் ஒரு கணம் நின்று, தரையில் நாலு சக்கரத்தோடு இறங்கி, விழாமல் உருண்டுகொண்டே போனான்.

பெண்கள் ஓவென்று கத்தினார்கள். ஒருவர் முனியராஜின் முதுகில் தட்டினார். செல்லத்தாய் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். நான் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. கண் கலங்கியிருந்தது என்று செல்லத்தாய் பிற்பாடு சொன்னார். முனியராஜ் கத்தவில்லை. தெருமுனை வரைக்கும் மாப்ள போகிற போக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு செல்போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். முகம் குளித்து எழுந்தவர் முகம்போல இருந்தது.

முதல் தூறல் விழுந்தது. "பெஞ்ச உள்ள போடுங்க, நனஞ்சுரும்" என்று செல்லத்தாய் குரல் கொடுத்தார். இருந்த சந்தோஷத்தில் நான் ஒரு முனையைப் பிடித்துத் தரதரவென்று இழுக்கப் போனேன்.

"தூக்குங்கண்ணாச்சி" என்றார் முனியராஜ்.

அவர் மறுமுனையில் குனிந்து, நான் சரியாகப் பிடிக்கும்வரை காத்திருந்து, தூக்கினார். மழை வலுத்தது. அவர் வேகம் கூட்டவில்லை. கூரைக்கடியில் கொண்டுபோய், முதலில் என் பக்கத்து இரண்டு காலையும், பிறகு தம் பக்கத்து இரண்டு காலையும் சிமெண்டுத் தரையில் இறக்கினார். தகரக்கூரையில் மழைச் சத்தம் கேட்டது, பெஞ்சின் சத்தம் கேட்கவில்லை.

மாரிசெல்வி நனைந்தபடி அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு காலும் தரையில் அமர்ந்த பிறகுதான் தூக்குவாளியை எக்ஸெல்லின் கொக்கியில் மாட்டினார்.